ஆவணிக்குக் குறித்த கல்யாணம்

நான் வயதுக்கு வந்த செய்தியை அப்பா பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவரை அம்மா வாசலிலேயே மறித்தார்.

"பின்பக்கம் போவாதீங்க. தம்பிக்கு போன் பண்ணி உடனே வரச்சொல்லுங்க."

அதற்குமேல் அம்மாவுக்கு வாய் வரவில்லை. அப்பா ஒன்றும் புரியாமல் நிற்க, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தார். நான் குளியலறைக்கு வெளியே பழைய பாய் ஒன்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயம் இருந்தது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும்.

சாயங்காலத்துக்குள் மாமா வந்துவிட்டார். அம்மாவின் ஒரே தம்பி; பாலிங்கில் ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தென்னங்கீற்று வெட்டிவந்து வீட்டின் பின்சுவரை ஒட்டி எனக்குக் குச்சு கட்டினார். தாய்மாமன் கட்டும் அந்த ஓலைக் குடிசையில்தான் சடங்கு முடியும்வரை நான் இருக்கவேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காத்துக் கருப்பு அண்டாமலிருக்கப் பாய்க்கடியில் ஓர் அரிவாள். ஆண்கள் யாரும் என்னைப் பார்க்கக்கூடாது. அப்பாவும்தான்.

லயத்துப் பெண்கள் முறைவைத்துக்கொண்டு வந்தார்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. "இடுப்பு வலுவாகணும் பாப்பா, முழுங்கு," என்று தலையைத் தடவினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்மேல் அவ்வளவு பிரியமாக இருந்ததே இல்லை. குச்சுக்குக் கதவு கிடையாது. ஓர் ஓலையைத் தள்ளினால் வெளியே வந்துவிடலாம். ஆனால் வெளியே எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா தினமும் வேலைவிட்டு வந்ததும் குச்சுக்குச் சற்றுத் தள்ளி நின்று, அம்மாவிடம் கேட்பதுபோல, "புள்ள சாப்புட்டுச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். நான் பதில் சொல்லக்கூடாது. அவருடைய செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் நகரும்வரை ஓலையின் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சடங்கன்று எனக்குப் பட்டுப்புடவை கட்டி, கழுத்து நிறைய கவரிங் நகை பூட்டி, மண்டபத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாமா சீர் கொண்டுவந்தார். எல்லாரும் சாப்பிடப் போகுமுன், பெரியவர்கள் கூடி ஏதோ பேசினார்கள். அம்மாவின் பெரியப்பா ஒருவர் வெற்றிலைத் தட்டை எடுத்தார். மாமாவின் கையிலும் அப்பாவின் கையிலும் தட்டு மாறியது. எல்லாரும் சிரித்தார்கள், யாரோ குலவை போட்டார்கள். நானும் சிரித்தேன். புகைப்படத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறது. பாக்கு மாற்றியது எனக்கும் மாமாவுக்கும் என்பது மறுநாள் குழாயடியில் ஒரு பெண் என்னை, "என்ன, மாப்ள ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

மாமா என்னைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். நான் குழந்தையாக இருந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர். குடிப்பதில்லை. அம்மாவிடம் அதிர்ந்து பேசியதில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வேண்டாம்" என்று சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் வலைப்பந்து. கால் தெரிய விளையாடுவது பாக்கு மாற்றிய பெண்ணுக்கு அழகில்லை. பிறகு பள்ளிப் பேருந்தில் பின் இருக்கை. அங்கே பையன்கள் உட்காருவார்கள். பிறகு கைப்பேசி. பிறகு சுங்கைப் பட்டாணி டவுனுக்குத் தோழிகளோடு போவது. எதையும் அம்மா கோபமாகச் செய்யவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, கண் சிவக்க வந்து நிற்பார். "யாராச்சும் எதாச்சும் சொல்லிட்டா மாமா மனசு கஷ்டப்படும்லா," என்பார். மாமா ஒருநாளும் எதையும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடிந்ததும் என் பள்ளி நின்றது. சண்டை எதுவும் நடக்கவில்லை. பள்ளி திறக்கும் ஜனவரியில் எல்லாரும் சீருடை வாங்கியபோது எனக்கு வாங்கவில்லை, அவ்வளவுதான். நான் ஒருநாள் கேட்டேன்.

"பதினாறு ஆனதும் ஆவணியில கல்யாணம். எதுக்குப் போட்டு மண்டைய ஒடச்சிக்கிற?" என்றார் அம்மா. பிறகு குரலை இறக்கி, "வெளியில குடுத்தா எவன் கையில மாட்டுவியோ. குடிக்கிறானோ, போதைப் பொடி இழுக்கிறானோ, யாருக்குத் தெரியும்? என் தம்பி உன்ன ராணி மாதிரி வெச்சிப்பான். நான் நிம்மதியா கண்ண மூடுவேன்," என்றார்.

பதினாறில் கல்யாணத்தை அரசாங்கத்தில் பதிவது சுலபமில்லை. அதனால் எங்கள் பக்கம் சில குடும்பங்கள் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதினெட்டு ஆனபிறகு பதிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கும் அதுதான் ஏற்பாடு.

அந்த வருடம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். பள்ளிக்குப் போகும் என் தம்பிக்குச் சாப்பாடு கட்டுவேன், துணி துவைப்பேன், மத்தியானம் கதவோரம் உட்கார்ந்து பள்ளிப் பேருந்து திரும்பி வருவதைப் பார்ப்பேன். என் வகுப்புத் தோழி முதலில் கையசைத்தாள். சில மாதங்களில் அசைப்பதை மறந்துவிட்டாள். ஆவணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர எதையும் நினைக்க முடியாத ஒரு மந்தம் என்னைப் பிடித்திருந்தது. சோறு வடிக்கும்போது கஞ்சியோடு சோற்றையும் சாய்த்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பழைய ஆயாக்கொட்டகை இருந்தது. அந்தக் காலத்தில் பால் மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகு கூரை இற்று, ஆடு கட்டும் இடமாகிவிட்டது. தண்ணீர் வராத ஒரு சமயத்தில் லயத்துப் பெண்கள் அங்கே கூடினார்கள். எல்லாருமாகத் தோட்ட அலுவலகத்தில் போய் நின்று கேட்டதில் தண்ணீர்த் தொட்டி வந்தது. அந்தத் தெம்பில் கொட்டகைக்குக் கூரை மாற்றி, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். கூட்டத்தை நடத்தியவர் அம்மாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்த ஒரு ஆண்ட்டி. கிறிஸ்தவர். காலையில் சுங்கைப் பட்டாணி தேவாலயத்தில் பூசை பார்த்துவிட்டு, அதே புடவையோடு நேராகக் கொட்டகைக்கு வருவார். அம்மாவும் போவார். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

அதற்கு முன் ஒருமுறை பட்டணத்திலிருந்து சிலர் வந்து, பெண் பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று பேசி, சுவரில் படம் ஒட்டி, எல்லாரையும் நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவும் கை தட்டினார். எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

பங்குனி மாதத்தில் கடைசி வீட்டு அக்கா திரும்பிவந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். முந்தின வருடம் அவருக்கும் இதேபோலக் கோயிலில் தாலி கட்டி, பாலிங் பக்கம் அனுப்பியிருந்தார்கள். வேனிலிருந்து அவரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றில் இருந்தது தங்கவில்லை, இரத்தம் நிற்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும், "உனக்கு எப்ப?" என்றார்.

"ஆவணி."

அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நான் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பும்போது அந்த அக்காவின் அம்மா எழுந்தார். கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு ஒன்னு சொல்லணும்," என்றார். "ஆஸ்பத்திரியில எம்புள்ள கெடக்குறா. கல்யாணப் பத்திரம் இருக்கான்னு கேக்குறாங்க. வயசு என்னான்னு கேக்குறாங்க. மாப்ள போலீசுக்குப் பயந்துக்கிட்டு வரல. நான் மட்டும்தான் நிக்கிறேன். அப்ப எம்புள்ள என்னப் பாத்து, 'யம்மா, உன்மேல கோவமில்லம்மா'ன்னு சொல்லுச்சு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "கோவப்பட்டிருந்தா நான் தாங்கியிருப்பேன். அவசரப்பட்டுக் கட்டிக்குடுத்தது நான். வேற யாரும் இல்ல."

ஒரு குழந்தை பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஆண்ட்டி மெல்லக் கேட்டார்: "நம்ம லயத்துல இன்னும் எத்தன புள்ளைங்களுக்குப் பாக்கு மாத்தியிருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டோடு நின்றிருந்தேன். அம்மா விருட்டென்று எழுந்தார்.

"அப்ப என்னையச் சொல்றீங்க. எந்தம்பி என்ன கண்டவனா? வழிவழியா வந்தத இன்னைக்கு வந்து தப்புன்னா, நானும் அப்படிக் கட்டிக்கிட்டவதானே! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உன்ன யாரும் குத்தம் சொல்லல தங்கச்சி. புள்ளைய ஒரு வார்த்த கேப்போம்லா," என்றார் ஆண்ட்டி. பிறகு என்னிடம், "நீ சொல்லும்மா," என்றார்.

இவ்வளவு நாள் நான் காத்திருந்த கேள்வி அது. அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். இரவு வேலையின் தூக்கமில்லாத கண். என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. வாசற்கதவையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்திவைத்தார். ஆனால் பலகைச் சுவர். அங்கே பேசியது எல்லாம் கேட்டது.

வாரக்கணக்கில் பேசினார்கள். சண்டை போட்டார்கள். சடங்கே வேண்டாமா என்று ஒருத்தி அழுதாள். சடங்கு இருக்கட்டும், மாலையும் புட்டும் இருக்கட்டும், குச்சு வேண்டாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று இன்னொருத்தி சொன்னாள். கடைசியில் மூன்று விஷயத்தில் நின்றார்கள். குச்சுக் கட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைக்கக்கூடாது. சடங்கில் பாக்கு மாற்றக்கூடாது. பதிவுப் பத்திரம் காட்டாத கல்யாணத்துக்கு எங்கள் மாரியம்மன் கோயில் கதவைத் திறக்கக்கூடாது. கடைசி விஷயம் கோயில் கமிட்டியின் கையில் இருந்தது. கமிட்டியில் எல்லாரும் ஆண்கள். தலைவர், "பொம்பளைங்க தண்ணித் தொட்டி வாங்குனீங்க, சந்தோசம். இது சாமி விஷயம்," என்று அனுப்பிவிட்டார்.

ஆனி மாதத்தில் மாமா கல்யாணப் புடவையோடு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். அரக்குச் சிவப்பில் புடவை. அவரே போய்த் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லி மேசைமேல் வைத்தார். நான் கோப்பியை வைத்தேன்.

"மாமா, எனக்கு வேணாம்."

"கலரு புடிக்கலியா?"

"கல்யாணம் வேணாம் மாமா."

சொல்லிவிட்டு, அவர் கையை ஓங்குவார் என்று எதனாலோ நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கோப்பியையே பார்த்தார். "அக்காகிட்ட யாரு சொல்றது?" என்றார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார்.

"எங்கம்மா செத்தப்புறம் என்ன வளத்தது அக்காதான். அது சொன்னா நான் எப்படி முடியாதுங்கிறது?" என்றார். கோப்பியைக் குடிக்காமலேயே கிளம்பிவிட்டார். புடவை மேசைமேலேயே இருந்தது. அம்மா வந்து அதைத் தன் மடியில் விரித்துவைத்துத் தடவிப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வார்த்தை மாமாவுக்குள் விழுந்ததா, வழியிலேயே எங்காவது தொலைந்ததா என்று தெரியாமல் அந்த மாதம் கழிந்தது.

ஆடித் திருவிழா வந்தது. எங்கள் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதிலிருந்து இலை போடுவதுவரை லயத்துப் பெண்கள்தான். அந்த வருடம் அவர்கள் பால்குடம் எடுத்தார்கள், கும்மி அடித்தார்கள், சாமி கும்பிட்டார்கள். அகப்பையை மட்டும் தொடவில்லை. சமையல் கூடாரத்துக்கு எதிரில் வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். கமிட்டி ஆண்கள் சிரித்தபடி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். சோறு அடியில் கரிந்து மேலே அரிசியாக நின்றது. சாம்பாரில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக. வெளியூரிலிருந்து வந்த சனங்கள் இலையைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் கொதித்துப்போய்ப் பெண்களிடம் வந்தார்.

"சாமி காரியத்துல வெளையாடுறீங்களா?"

கடைசி வீட்டு அக்காவின் அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: "சாமி காரியம்னுதான் நாங்களும் வந்தோம். எம்புள்ளைக்குத் தாலி கட்டுனப்ப நீங்கதானே முன்னால நின்னீங்க? ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?"

அடுத்த ஞாயிறு கமிட்டி ஆயாக்கொட்டகைக்கு வந்தது. அந்தக் கூட்டத்துக்கு அம்மாவையும் மாமாவையும் கூப்பிட்டனுப்பினார்கள். ஆவணிக் கல்யாணம் எங்களுடையதுதானே. அம்மா நெற்றி நிறைய திருநீறோடு, சண்டைக்குப் போவதுபோலத்தான் போனார். அப்பா பின்வரிசையில் நின்றார். நான் அம்மாவின் பக்கத்தில். பதிவுப் பத்திரம் இல்லாத கல்யாணத்துக்கு இனிமேல் கோயில் கதவைத் திறப்பதில்லை என்று தலைவர் சொன்னார்.

"இந்தக் கோயில் இல்லாட்டி பாலிங்ல ஒரு கோயில். எனக்குக் கதவு தொறக்க சாமி இல்லாமலா போச்சு?" என்றார் அம்மா.

மாமா எழுந்தார். "அக்கா, பாலிங்லயும் வேணாம்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"பாப்பா எங்கிட்ட வேணாம்னு சொல்லிருச்சு. நான்தான் உங்கிட்ட சொல்லாம ஒளிஞ்சிக்கிட்டு இருந்தேன். நான் தூக்கி வளத்த புள்ளக்கா அது. எனக்கும் மனசு ஒப்பல. அன்னைக்குத் தட்டு மாத்துனப்ப என்னையும் யாரும் கேக்கலக்கா."

அம்மா அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. "எல்லாரு முன்னாடியும் வெச்சி என்னைய அவமானப்படுத்திட்டல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. விடுதலை வந்தால் குதிக்கத் தோன்றும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, சரி, கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுதான் தோன்றியது. அப்பா உள்ளே வந்து என் தோளில் கைவைத்து, "போயி மூஞ்சக் கழுவு. ஸ்கூலுக்கு என்னென்ன வாங்கணும்னு சொல்லு," என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேனோ.

ஜனவரியில் என்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு படிவம் நான்கில் உட்கார்ந்தேன். அம்மா எனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். பேச்சு மட்டும் பல மாதம் இல்லை. மாமாவோடு அவர் வருடக்கணக்கில் பேசவில்லை. பிறகு மாமா கூலிமில் தானே பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு அம்மா வரமாட்டேன் என்று சொல்லி, கடைசி நேரத்தில் புடவையை மாற்றிக்கொண்டு காரில் ஏறினார். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது அட்சதை தூவிவிட்டு, சாப்பிட்டுத் திரும்பினார். வழியெல்லாம், "பொண்ணு நல்ல நிறம்," என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. கடைசி வீட்டு அக்கா இப்போது ஆயாக்கொட்டகையில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறார். அவருக்குக் குழந்தை இல்லை.

நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். லயத்தில் அந்த மூன்று விஷயமும் இன்றுவரை நிற்கிறது. பிள்ளை வயதுக்கு வந்தால் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி, அடுத்த வாரம் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஒருமுறை தவறியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் யாரிடமும் சொல்லாமல் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்த மகளை வெளியூருக்குக் கூட்டிப்போய், அங்கே ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆண்ட்டியும் மற்றவர்களும் போய்க் கேட்டபோது, "இப்ப வந்து என்ன செய்யறது, முடிஞ்சிருச்சு," என்றார்கள்.

சென்ற மாதம் அந்தப் பெண்ணைச் சந்தையில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டே என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"அக்கா, பரீட்சைய ஸ்கூலுக்குப் போவாமலேயே வெளியில இருந்து எழுதலாமாமே? மெய்யாவா?"

"எழுதலாம்டா. ஆயாக்கொட்டகையில சனிக்கிழம வகுப்பு இருக்கு. குழந்தையத் தூக்கிக்கிட்டே வா, பாத்துக்க ஆள் இருக்கு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் முகம் ஒரு நிமிடம் பிள்ளை முகமாகிவிட்டது. பிறகு திரும்பி, சாலையோரம் மோட்டாரை நிறுத்திக்கொண்டு இவளுக்காகக் காத்திருந்தவனைப் பார்த்தாள். குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர கேட்டுட்டுச் சொல்றேன்க்கா," என்றாள்.